பனிக்காலக் கால்வாயில் ஒரு பகற்பொழுது



இங்கிலாந்து சென்று திரும்புவோர் நமக்குச் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. இலண்டன் மாநகரின் மணிக்கூண்டு, தேம்ஸ் நதிப் பாலம், அரண்மனை வாயிற் காவலர்கள், பூமிக்கடியில் விரையும் இரயில் ஆகியவற்றைப் பற்றி வியந்து பேசுவார்கள். ஆனால் அந்நாட்டின் வயல்வெளிகளுக்கும் கிராமங்களுக்கும் நடுவே, மனிதன் நடக்கும் வேகத்திலேயே நகர்ந்துகொண்டிருக்கும் மற்றொரு போக்குவரத்தைப் பற்றி அவர்கள் சொல்வது அரிது. அதுதான் கால்வாய்ப் படகுப் போக்குவரத்து.

கோடைக்காலத்தில் அக்கால்வாய்களைக் காண்போர் மயங்கிப் போவார்கள். படகுகளின் கூரைமேல் பூந்தொட்டிகள், கரையெங்கும் பச்சைப் புல், விடுமுறைக்கு வந்த குடும்பங்களின் சிரிப்பொலி என எங்கும் மகிழ்ச்சியே நிறைந்திருக்கும். நாமோ இன்று பனிக்காலத்தில் அங்கே செல்லப் போகிறோம். 'குளிரில் நடுங்குவதற்கா அவ்வளவு தூரம்?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இலைகள் உதிர்ந்தால்தான் மரத்தின் கிளைகள் தெரியும். அதுபோல, விடுமுறைக் கூட்டம் கலைந்த பின்னர்தான் அக்கால்வாயை வெட்டியவர்கள் யார், அதில் உழைத்தவர்கள் யார், அவர்கள் பட்ட பாடு என்ன என்பதெல்லாம் நம் கண்ணுக்குப் புலப்படும். வாருங்கள், டிசம்பர் மாதத்தின் ஒரு நாளில், நார்தாம்டன்ஷயர் மாவட்டத்து ஸ்டோக் புரூயர்ன் கிராமத்திலிருந்து படகேறுவோம்.

ஏழடி அகலத்தில் ஒரு வீடு

முதலில் நாம் ஏறப்போகும் படகைப் பாருங்கள். இதை 'நேரோபோட்' என்பார்கள். ஒடுங்கிய படகு என்பது அதன் பொருள். நீளம் எழுபது அடி வரை இருக்கும்; அகலமோ ஏழடிக்கும் சற்றுக் குறைவு. நம் ஊர்த் தெருவில் நீண்டு கிடக்கும் ஓர் ஒட்டுத் திண்ணையைத் தண்ணீரில் மிதக்கவிட்டாற்போல் இருக்கும்.

இந்த விந்தையான அளவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1761ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வாட்டர் பிரபு, வொர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த தம் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நகரை நோக்கி ஒரு கால்வாய் வெட்டச் செய்தார். அப்பணியில் ஈடுபட்டவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர். கால்வாய் வந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குண்டும் குழியுமான அக்காலச் சாலையில் ஒரு குதிரை ஒன்றிரண்டு டன் சுமையை இழுப்பதே பெரும்பாடு. அதே குதிரை கரையில் நடந்தபடி, நீரில் மிதக்கும் படகில் 25 முதல் 30 டன் வரை இழுத்துச் சென்றது! இந்தக் கணக்கைக் கண்ட முதலாளிகள் நாடெங்கும் கால்வாய் வெட்டத் தொடங்கினர். பிரிண்ட்லி பின்னர் அமைத்த கால்வாய்களில், செலவையும் நீரையும் மிச்சப்படுத்துவதற்காக, படகு ஏறி இறங்கும் தொட்டிகளை ஏழடி அகலத்தில் கட்டினார். தொட்டி ஏழடி என்றால் படகும் அதற்குள் அடங்கத்தானே வேண்டும்? ஒடுங்கிய படகு பிறந்த கதை இதுதான்.

நாம் செல்லவிருக்கும் கால்வாய் சற்றுப் பிந்தியது. 1793இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி பெற்று வெட்டப்பட்ட 'கிராண்ட் ஜங்ஷன்' கால்வாய் இது. 1929இல் வேறு சில கால்வாய்களுடன் இணைந்து 'கிராண்ட் யூனியன்' என்னும் பெயரைப் பெற்றது. இலண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் இதன் பிரதானப் பாதை 137 மைல் நீளமுடையது. இதில் தொட்டிகளைப் பதினான்கு அடி அகலத்தில் அமைத்ததால், இரு படகுகள் பக்கம் பக்கமாக நின்று செல்ல முடியும்.

காலை எட்டு மணி

டிசம்பர் மாதத்தில் இப்பகுதியில் சூரியன் எழுவதற்கே காலை எட்டு மணி ஆகிவிடும். மாலை நான்கு மணிக்குள் மறைந்தும் விடும். ஆக, நமக்குக் கிடைப்பது எட்டு மணி நேர வெளிச்சம்தான். சோம்பல் கூடாது, எழுந்து வாருங்கள்.

படகின் உட்பக்கச் சன்னல்களில் நம் மூச்சுக்காற்றே நீராகி வழிந்து நிற்கிறது. வெளியே வந்தால், கரையில் கட்டிய கயிறு உறைபனியில் விறைத்து இரும்புக் கம்பிபோல் இருக்கிறது. அதன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் விரல்கள் மரத்துப் போகின்றன. கால்வாயின் மேற்பரப்பில் மெல்லிய பனிக்கட்டி படர்ந்து, கண்ணாடித் தகடு விரித்தாற்போல் தோன்றுகிறது. டீசல் எஞ்சின் மெல்ல முனகி உயிர் பெறுகிறது. படகு நகரத் தொடங்கியதும் முன்முனையில் அந்தத் தகடு நொறுங்கும் ஓசை கேட்கிறது.

படகைச் செலுத்துபவர் பின்முனையில் திறந்த வெளியில் நிற்க வேண்டும். கார் ஓட்டுவதுபோல் கதவை மூடிக்கொண்டு அமர இங்கே வழியில்லை. கம்பளிச் சட்டை இரண்டு, காற்றுப் புகாத மேலங்கி, கையுறை, காதை மூடும் தொப்பி எல்லாம் அணிந்தாலும் ஒரு மணி நேரத்தில் பாதங்கள் உணர்விழக்கும். கையில் இருப்பது சுக்கான் பிடி. அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும். புதியவர்கள் முதல் அரைமணி நேரம் கரையில் முட்டிக்கொள்வது வாடிக்கை. வேகம் என்னவென்று கேட்கிறீர்களா? மணிக்கு நான்கு மைல்தான் மிக அதிக வேகம். கரையோரம் படகுகள் கட்டப்பட்டிருந்தால் அதிலும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இங்கே ஒரு நல்லொழுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பனிக்கட்டி சற்றுக் கனமாக இருந்தால், அனுபவமுள்ள படகோட்டிகள் பயணத்தையே தள்ளிவைப்பார்கள். தம் படகுக்கு அஞ்சி மட்டும் அல்ல. ஓடும் படகு பனிக்கட்டியை உடைக்கும்போது, அதன் கூரிய தகடுகள் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, கரையில் கட்டியிருக்கும் பிறரது படகுகளின் மேற்பூச்சைச் சுரண்டும். மரத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆன படகாயின் உடலையே கிழித்துவிடவும் கூடும். நமக்குள்ள அவசரம் அண்டையில் இருப்பவரின் வீட்டைச் சேதப்படுத்தக் கூடாதல்லவா?

ஏழு படிகள்

சிறிது தூரத்தில் ஸ்டோக் புரூயர்னின் ஏழு 'லாக்'குகள் நம்மை எதிர்கொள்கின்றன. படகு மலையேற முடியுமா? முடியும் என்று காட்டும் அற்புதம் இதுதான். செங்கல்லால் கட்டிய ஒரு நீண்ட தொட்டி; இரு முனைகளிலும் கனத்த மரக்கதவுகள். கீழ்க்கதவு வழியாகப் படகு உள்ளே நுழைந்ததும் அக்கதவை மூடுகிறோம். மேற்பக்கத்துச் சிறு மதகுகளைக் கைப்பிடியால் சுழற்றித் திறந்தால், மேலிருந்து நீர் பாய்ந்து தொட்டி நிரம்புகிறது. நீரோடு படகும் உயர்கிறது. மேல்மட்டத்துக்குச் சமமானதும் மேற்கதவு திறக்கிறது. இவ்வாறு ஒவ்வொரு லாக்கிலும் ஏறத்தாழ எட்டு அடியாக, ஏழு லாக்குகளில் 56 அடி உயரம் ஏறிவிடுகிறோம்.

இதில் மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. கதவிலிருந்து நீண்டிருக்கும் பருத்த மரச்சட்டத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளுவதுதான் வழி. இருபக்க நீரும் சமமாகும் வரை எத்தனை பலசாலி தள்ளினாலும் கதவு அசையாது. சமமான மறுகணம், ஒரு சிறுவன் தள்ளினாலும் மெல்ல நகரும். பொறுமையைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த ஆசிரியர் உண்டோ?

இந்த அகன்ற லாக் ஒன்றை ஒருமுறை நிரப்ப இரண்டு இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் செலவாகும். ஆகவே, பின்னால் வேறொரு படகு வருவது தெரிந்தால் காத்திருந்து, இரண்டும் சேர்ந்து ஏறுவது இங்கே மரபு. நீரும் மிச்சம், கதவைத் தள்ளும் கைகளும் இரட்டிப்பு. கோடையில் துணைக்குப் பஞ்சமில்லை. பனிக்காலத்திலோ ஏழு லாக்குகளையும் நாமே தனியாகத் திறந்து மூட வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. லாக்கின் விளிம்பிலும் கதவின் நடைபலகையிலும் உறைபனி பூத்திருக்கும். கால் வழுக்கினால் கீழே ஆழமான தொட்டி. உடலை உறைய வைக்கும் நீர். ஆகையால் பனிக்காலத்தில் மிதவை அங்கி அணியாமல் லாக்கருகே செல்லாதிருப்பதே அறிவுடைமை.

இன்னொரு செய்தி. நவம்பர் முதல் மார்ச் வரை பல இடங்களில் கால்வாயை மூடி, நீரை வடித்துவிட்டுப் பழுது பார்ப்பார்கள். ஓக் மரத்தால் செய்த லாக் கதவுகளின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். படகுகள் குறைவாக ஓடும் பனிக்காலமே அவற்றை மாற்றுவதற்கு ஏற்ற காலம். எனவே புறப்படும் முன் எந்த இடம் மூடப்பட்டுள்ளது என்று விசாரித்துக்கொள்வது அவசியம்.

கரையோரத்துத் தாதி

ஏழாவது லாக்கைத் தாண்டியதும் கிராமம் வந்துவிடுகிறது. கல்லால் கட்டிய வீடுகள்; பழைய தானிய ஆலை ஒன்றில் 1963 முதல் இயங்கிவரும் கால்வாய் அருங்காட்சியகம். படகைக் கட்டிவிட்டுப் பிளாஸ்க்கிலிருந்து சூடான தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள். இவ்வூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் சிஸ்டர் மேரி வார்டு. படகுகளுக்குக் கயிறு திரித்து விற்ற குடும்பத்தில் பிறந்தவர்.  சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் இக்கால்வாயில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சரக்குப் படகுகளிலேயே வாழ்ந்து வந்தன. அவர்களுக்கு நிலையான ஊர் இல்லை. எனவே அவர்களுக்கென்று ஒரு மருத்துவரும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், மனைவிக்குப் பேறுகாலம் என்றாலும் படகை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அன்றைய கூலி போயிற்று. அத்தகைய மக்களுக்குக் கால்வாய்க் கரையிலிருந்த தம் வீட்டையே மருத்துவமனையாக்கினார் அந்த அம்மையார். இரவென்றும் பகலென்றும் பாராமல் புண்ணுக்கு மருந்திட்டார், தாய்மார்களைக் கவனித்தார். எழுதப் படிக்கத் தெரியாத, ஊரார் பலரும் ஒதுக்கி வைத்த அந்த மக்கள், எத்தனை மைல் தொலைவில் நோயுற்றாலும் 'ஸ்டோக் போய்ச் சேர்ந்தால் போதும், சிஸ்டர் பார்த்துக்கொள்வார்' என்று நம்பி வந்தார்கள். அவரது தொண்டைப் பாராட்டிப் பிரிட்டிஷ் அரசு பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

இருளுக்குள் இரண்டே முக்கால் கிலோமீட்டர்

கிராமத்தைவிட்டு அரை மைல் செல்வதற்குள் எதிரே ஒரு குன்று வழிமறிக்கிறது. அதன் அடியில் செங்கல் வளைவு ஒன்று வாய் திறந்து நிற்கிறது. அதுவே பிளிஸ்வர்த் சுரங்க வழி. 3,076 கெஜம், அதாவது 2.8 கிலோமீட்டர் நீளம். இன்றும் இங்கிலாந்தில் படகு செல்லக்கூடிய நீண்ட கால்வாய்ச் சுரங்கங்களுள் இதுவும் ஒன்று.

இதை வெட்டியவர்களுக்கு இயந்திரங்கள் கிடையா. மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும்தான் கருவிகள். முதல் முயற்சி நிலத்தடி நீரால் தோல்வியுற்றது. மீண்டும் வேறு தடத்தில் வெட்டினார்கள். கால்வாயின் மற்றப் பகுதிகள் முடிந்த பின்னும் இக்குன்று மட்டும் தடையாக நின்றதால், 1800 முதல் குன்றின்மேல் தண்டவாளம் போட்டுக் குதிரை வண்டிகளில் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். இறுதியில் 1805 மார்ச்சில் சுரங்கம் திறக்கப்பட்டது.

முன்விளக்கை ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறோம். பனிக்காலத்தில் ஒரு வியப்பு: சுரங்கத்துக்குள் வெளியே உள்ளதைவிடக் குளிர் குறைவு. ஆனால் மேலே காற்றுக்காக வெட்டிய துவாரங்களின் கீழே செல்லும்போது, சில்லென்ற நீர் தலையில் கொட்டுகிறது. திரும்பிப் பார்த்தால் நுழைந்த வாயில் ஒரு காசளவு வெளிச்சமாகச் சுருங்குகிறது. எதிரே இன்னொரு விளக்கு தெரிந்தால் அஞ்ச வேண்டாம். இரு ஒடுங்கிய படகுகள் ஒன்றையொன்று கடந்து செல்லும் அகலம் இங்கு உண்டு. உரசும் அளவுக்கு நெருங்கிச் செல்லும்போது, முகம் தெரியாத அப்படகோட்டி 'வணக்கம்' சொல்லிவிட்டு இருளில் மறைகிறார்.

எஞ்சின் இல்லாத காலத்தில் இச்சுரங்கத்தை எவ்வாறு கடந்தார்கள்? சுரங்கத்துக்குள் குதிரை நடக்கப் பாதை இல்லை. எனவே குதிரையை அவிழ்த்துக் குன்றின்மேல் நடத்திச் செல்வார்கள். பெரும்பாலும் அது பிள்ளைகளின் வேலை. படகின் முன்முனையில் இருபுறமும் நீட்டிய பலகைகளில் இரு ஆடவர் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரில் கால்களை உதைத்து உதைத்து 'நடந்தே' படகை மறுமுனைக்குத் தள்ளினார்கள். இதையே தொழிலாகக் கொண்டோர் சுரங்க வாயில்களில் காத்திருந்தனர். டன் கணக்கான நிலக்கரியை இரு மனிதர்களின் கால்கள் இருளில் நகர்த்தின என்பதை எண்ணிப் பாருங்கள்!

பின்னர் நீராவிப் படகுகள் வந்தன. அவற்றோடு புதிய ஆபத்தும் வந்தது. 1861இல் ஒரு நீராவிப் படகு இச்சுரங்கத்தைக் கடக்கும்போது புகை சூழ்ந்து மூச்சுத் திணறி இருவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே காற்றுத் துவாரங்களை அதிகப்படுத்தினார்கள். சென்ற நூற்றாண்டின் எழுபதுகளின் இறுதியில் சுரங்கத்தின் நடுப்பகுதி பழுதாகி மூடப்பட்டது. கான்கிரீட் வளையங்களைப் பொருத்திச் செப்பனிட்டபின் 1984இல் மீண்டும் திறக்கப்பட்டது. அரைமணி நேரத்துக்கும் மேலாக இருளில் சென்று மறுபுறம் வெளிவரும்போது, மங்கிய பனிக்கால வெயிலும் கண்ணைக் கூசச் செய்கிறது.

பத்தடி அறையில் ஒரு குடும்பம்

இனி லாக்குகள் இல்லாத நீண்ட சமவெளிப் பாதை. கேய்ட்டன் என்னுமிடத்தில் ஒரு கிளைக் கால்வாய் பிரிகிறது. அது 17 லாக்குகள் வழியே இறங்கி நார்தாம்டன் நகரில் நேன் நதியோடு கலக்கிறது. நாம் நேர்வழியே தொடர்கிறோம். இருமருங்கிலும் இலையுதிர்ந்த வேலிகளினூடே உழுத வயல்கள் தெரிகின்றன. ஒற்றைக் காலில் நின்ற நாரை, படகு மிக நெருங்கிய பின்னரே சலிப்போடு சிறகு விரிக்கிறது. நீல மின்னலாக ஒரு மீன்கொத்தி பறக்கிறது. தொலைவில் இலண்டனிலிருந்து வடக்கே விரையும் இரயிலின் ஓசை கேட்கிறது.

அந்த இரயில்தான் இக்கதையின் திருப்பம். 1838இல் இலண்டன் - பர்மிங்காம் இரயில் பாதை திறக்கப்பட்டது. நாள் கணக்கில் சென்ற சரக்கு மணிக்கணக்கில் சென்றது. கால்வாய்க் கட்டணமும் கூலியும் வீழ்ந்தன. ஆள் வைத்துச் சம்பளம் தர வழியில்லாத படகோட்டி என்ன செய்தான்? கரையிலிருந்த வீட்டைக் காலி செய்தான். மனைவி மக்களைப் படகிலேற்றினான். சம்பளமில்லாத வேலையாட்களாகக் குடும்பமே மாறியது.

சரக்கு ஏற்றும் இடம் போக, அவர்கள் வாழ்வதற்கு விடப்பட்டது படகின் பின்முனையில் பத்தடி நீளமும் ஏழடிக்குக் குறைவான அகலமும் கொண்ட ஓர் அறை. ஒரு மூலையில் கரி அடுப்பு. மடித்து வைக்கும் மேசை. இரவில் மட்டும் குறுக்கே விரிக்கும் படுக்கை. பெற்றோரும் பிள்ளைகளும் சமைத்ததும் உண்டதும் உறங்கியதும், குழந்தை பிறந்ததும் அங்கேதான். அந்த அறையின் கதவுகளிலும் நீர்க்குடத்திலும் ரோஜாப் பூக்களையும் கோட்டைகளையும் அவர்கள் வண்ணந்தீட்டி வைத்தார்கள். கோடையில் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்து மகிழும் ஓவியங்கள் இவைதாம். தோட்டமில்லாதவர்கள் தீட்டிக்கொண்ட தோட்டம் அது!

இம்மக்களின் அவலத்தைக் கண்டு மனம் நொந்தவர் ஜார்ஜ் ஸ்மித் என்னும் சீர்திருத்தவாதி. அவர் எழுதியும் பேசியும் வாதாடியதன் விளைவாக 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. படகில் எத்தனை பேர் வசிக்கலாம் என்பதற்கு வரம்பு ஏற்பட்டது. பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேச்செழுந்தது. ஆயினும் நாளும் நகரும் படகிலிருந்து பிள்ளை எந்தப் பள்ளிக்குச் செல்லும்? தலைமுறை தலைமுறையாக அவர்களிற் பலர் எழுத்தறியாமலேயே வாழ்ந்து முடிந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆட்பற்றாக்குறை ஏற்பட்டது. 1942 முதல் நகரத்துப் பெண்கள் சிலர் பயிற்சி பெற்று இப்படகுகளைச் செலுத்தினார்கள். மூன்று பெண்கள் சேர்ந்து இரு படகுகளை ஓட்டி, ஏறத்தாழ 50 டன் சரக்கை இலண்டனிலிருந்து பர்மிங்காமுக்குக் கொண்டு சென்று, திரும்பும்போது நிலக்கரி ஏற்றி வந்தார்கள். விடியுமுன் தொடங்கி இருட்டிய பின்னும் உழைத்த அவர்களுக்கு, உள்நாட்டு நீர்வழித் துறையின் சின்னத்திலிருந்த 'ஐ.டபிள்யூ.' என்னும் எழுத்துகளைக் கொண்டு 'ஐடில் உமன்', அதாவது சோம்பேறிப் பெண்கள் என்று வேடிக்கையாகப் பெயர் வந்ததுதான் விந்தை!

உறைந்த நீர், உறைந்த வாழ்வு

இப்போது பனிக்காலத்துக்கு வருவோம். நமக்கு இன்று கால்வாயில் பனிக்கட்டி படிந்தால் பயணம் ஒருநாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அக்குடும்பங்களுக்கோ சரக்கைக் கொண்டு சேர்த்தால்தான் கூலி. கால்வாய் உறைந்தால் அடுப்பும் அணைந்தது.

அதனால்தான் பனிக்கட்டி உடைப்பதற்கென்றே தனிப் படகுகளை வைத்திருந்தார்கள். நடுவிலே நீளவாக்கில் ஒரு கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நின்று, படகை இடமும் வலமுமாக ஆட்டுவார்கள். கரையில் பல குதிரைகள் சேர்ந்து இழுக்கும். ஆட்டமும் இழுப்பும் சேர்ந்து பனிக்கட்டியை நொறுக்கும். கடுங்குளிரில் இரவு முழுதும் இவ்வேலை நடந்ததுண்டு.

ஆனால் 1962 டிசம்பர் இறுதியில் தொடங்கிய குளிரை எந்தப் படகாலும் உடைக்க முடியவில்லை. 1963 மார்ச் தொடக்கம் வரை நாடே உறைந்து கிடந்தது. சரக்கோடு புறப்பட்ட படகுகள் நடுவழியில் பனிக்கட்டியில் சிறைப்பட்டு வாரக்கணக்கில் நின்றன. காத்திருக்க இயலாத வாடிக்கையாளர்கள் லாரியையும் இரயிலையும் நாடினார்கள். பனி உருகியது, போன வாடிக்கையாளர்களோ திரும்பவில்லை. அவ்வாண்டிலேயே அரசு நீர்வழி வாரியம் தன் ஒடுங்கிய படகுகளின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டது. எஞ்சிய சிலவற்றுள் ஒன்று, அதர்ஸ்டனில் நிலக்கரி ஏற்றி, நாம் இன்று கடந்த இதே சுரங்கத்தின் வழியே இலண்டனுக்கருகே சவுத்தாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்ற தொழில். அதுவும் 1970 அக்டோபரில் நின்றுபோனது. ஆறு தலைமுறைத் தொழில் கண்ணெதிரே மறைய, பத்தடி அறையைத் தவிர வேறு வீடறியாத குடும்பங்கள் கரையேறின.

இன்றைய படகுக் குடித்தனங்கள்

கால்வாய்கள் தூர்ந்து போகாமல் காத்தவர்கள் யார்? 1944இல் எல்.டி.சி. ரோல்ட் என்பவர் தம் படகுப் பயணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் படித்த இராபர்ட் ஐக்மன் என்பவரோடு அவர் சந்தித்ததன் பயனாக 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. அதன் பின்னர் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் விடுமுறை நாட்களில் சேற்றில் இறங்கி, தூர்ந்த கால்வாய்களை மீட்டார்கள். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை ஓர் அறக்கட்டளை பராமரித்து வருகிறது.

அதோ, கரையோரம் வரிசையாகக் கட்டப்பட்ட படகுகளைப் பாருங்கள். புகைபோக்கிகளில் புகை எழுகிறது. கூரைமேல் விறகும் நிலக்கரி மூட்டையும் அடுக்கியிருக்கிறது. இவற்றிற் பல, மக்கள் ஆண்டு முழுதும் வசிக்கும் இல்லங்கள். நீரில் வாழ்வதை விரும்பி வந்தோர் உண்டு. கரையில் வீட்டு வாடகை கட்ட இயலாமல் வந்தோரும் உண்டு. நிலையான நிறுத்துமிடம் இல்லாதவர்கள், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து தங்கலாகாது. பனிக்காலத்திலும் நகர்ந்தாக வேண்டும். வேலைக்குச் செல்வோரும் பள்ளிப் பிள்ளைகள் உள்ளோரும் படும் சிரமத்தைச் சொல்லவும் வேண்டுமா? 2024 ஏப்ரல் முதல் அவர்களுக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகையும் விதிக்கப்படுகிறது. பராமரிப்புக்குப் பணம் போதவில்லை என்பது அறக்கட்டளையின் வாதம். அரசின் மானியம் 2027 முதல் படிப்படியாகக் குறையும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டதும் உண்மையே. அன்று கூலி வீழ்ந்தபோது குடும்பங்கள் படகேறின. இன்று வாடகை உயர்ந்தபோதும் குடும்பங்கள் படகேறுகின்றன. காலம் மாறினாலும் இந்த வரலாறு மாறவில்லை போலும்!

ஆயினும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பண்பும் இங்கே மாறவில்லை. நிலக்கரியும் டீசலும் எரிவாயு உருளையும் ஏற்றிய வியாபாரப் படகு ஒன்று பனியிலும் ஒவ்வொரு படகாக நின்று விற்றுச் செல்கிறது. சில நாட்களாக ஒரு புகைபோக்கியில் புகை காணவில்லையென்றால், அண்டைப் படகுக்காரர் சென்று கதவைத் தட்டுகிறார்.

மாலை மயங்குகிறது

மணி மூன்றரை. வெளிச்சம் வடிகிறது. பக்புரூக் கிராமத்தருகே கரையில் முளையடித்துப் படகைக் கட்டுகிறோம். ஏழு லாக்குகளும் ஒரு சுரங்கமுமாக நாம் கடந்த தூரம் ஏறத்தாழ எட்டு மைல்தான். ஒரு கார் கால்மணி நேரத்தில் கடந்துவிடும் தூரம்.

உள்ளே வந்து கணப்பு அடுப்பில் கரியைப் போடுங்கள். சிறிய அறையாதலால் சில நிமிடங்களிலேயே வெதுவெதுப்பு பரவும். ஆனால் கதகதப்புக்காகக் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடாதீர்கள். மூடிய அறையில் கரி அரைகுறையாக எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். பல உயிர்கள் பறிபோன பின்னர், 2019 ஏப்ரல் முதல் குடியிருப்புப் படகுகளில் அவ்வாயுவைக் கண்டறிந்து ஒலிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குளிர்நாட்டில் வாழும் நம் உறவினர்களுக்கும் இச்செய்தியைச் சொல்லி வையுங்கள்; படகுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இது பொருந்தும்.

வாசக நேயர்களே! விளக்கை ஏற்றிவிட்டு அமர்ந்தால், வெளியே நீர் மீண்டும் மெல்ல உறையத் தொடங்கும் ஓசைகூடக் கேட்கும் அளவுக்கு அமைதி. அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே கரையில், இதே அகலமுள்ள படகில் ஒரு தாய் இதே ஓசையைக் கேட்டிருப்பாள். நமக்கு இனிமையாக இருக்கும் அந்த ஓசை அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்? 'நாளைக்குப் படகு நகருமா? பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது?' என்று உறக்கமின்றி விழித்திருப்பாள் அல்லவா?

நாம் இன்று இன்பமாகக் காணும் பலவும், நேற்று யாரோ ஒருவர் துன்பத்தோடு சுமந்தவையே. நாம் நடக்கும் சாலை, கடக்கும் பாலம், ஏறும் படிக்கட்டு எதுவாயினும் அதன் பின்னே பெயரற்ற கைகள் உண்டு. ஒரு பனிக்காலப் பகற்பொழுதில், மணிக்கு நான்கு மைல் வேகத்தில் சென்றால், அந்தக் கைகள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. விரைந்து செல்லும்போது தெரிவதில்லை.

அடுத்த முறை இங்கிலாந்து செல்லும் உறவினரிடம் சொல்லுங்கள்: மணிக்கூண்டைப் பார்த்தபின் ஒருநாள் கால்வாய்க் கரைக்கும் சென்று வரட்டும். கரையிலிருந்த அந்தத் தாதியின் ஊரையும், கால்களால் படகை நடத்திய அந்த இருண்ட சுரங்கத்தையும் கண்டு வந்து, தம் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்லட்டும்.